அந்த ஆமைகளுக்கு வேறு ஏரி வேண்டாம்

தென்கிழக்கு மிச்சிகனில் தனியார் ஏரிக்கரைகளில் வீடு வாங்கிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



பனி உருகி, டாக்குகளைத் தண்ணீரில் இறக்கும் பருவம் வந்துவிட்டது. ஏரிச் சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்களும் இதே சமயத்தில்தான் நடக்கின்றன. பாசிக்கு மருந்து அடிப்பது, வாத்து எச்சம், படகின் வேகம் என்று வழக்கமாக வரும் விஷயங்களுக்கு நடுவே இப்போது இன்னொரு தீர்மானமும் வருகிறது: ஸ்னாப்பிங் ஆமைகளைப் பொறி வைத்துப் பிடித்து, வேறு ஏதாவது ஏரியிலோ சதுப்பிலோ கொண்டுபோய் விட ஓர் ஆளை அமர்த்துவது. எங்கள் ஏரியிலும் வந்திருக்கிறது. "கொல்லப் போவதில்லை, இடம்தான் மாற்றுகிறோம்" என்று ஒரு வரி அதில் இருப்பதால் நம்மவர்கள் பலர் மனச்சங்கடம் இல்லாமல் ஆமோதிக்கிறார்கள். ஆமோதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். இந்தக் கூட்டங்களில் நாம் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மனம் கோணக்கூடாது என்று கை தூக்கிவிட்டு வந்துவிடுகிறோம். நமக்குள் நம் மொழியில் பேசி ஒரு தெளிவுக்கு வந்துவிட்டுப் போனால் நல்லது.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பிள்ளைகள் நீந்தும் ஏரி. மாலையில் டாக்கின் ஓரமாக, முதுகெல்லாம் பாசி படர்ந்த அகலமான ஓடு ஒன்று மெல்ல மேலே வந்து, மூக்கு நுனியை மட்டும் நீட்டி மூச்சு வாங்கினால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். கோடைக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று ஆரம்பித்தால் அன்று அந்த வீட்டில் வேறு பேச்சே இருக்காது. வளர்ந்த ஆமை 5 கிலோவிலிருந்து 15 கிலோ வரை கனக்கும். வாலில் ரம்பப் பல் மாதிரி முள் வரிசை. கழுத்தை நீட்டினால் தன் முதுகோட்டின் பாதி தூரத்துக்கு மேல் பின்பக்கமாகவே எட்டிக் கவ்வும். அழகான பிராணி என்று நான் உங்களிடம் வாதாட வரவில்லை.

அது ஏன் கவ்வுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதியாகக் குறையும். மற்ற ஆமைகளில் பெரும்பாலானவை ஆபத்து என்றால் தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். ஸ்னாப்பிங் ஆமைக்கு அது முடியாது. வயிற்றுப்பக்க ஓடு அவ்வளவு சிறியது. தொடையும் கழுத்தும் வெளியிலேயே கிடக்கும். கரையில் அகப்பட்டுக்கொண்டால் அதற்கு வாயை விட்டால் வேறு காவல் இல்லை. அதனால்தான் புல்வெளியில் எதிர்ப்பட்டால் சீறுகிறது, எம்பிப் பாய்கிறது. தண்ணீருக்குள் அதற்கு அந்த நெருக்கடியே கிடையாது. மனிதர் வந்தால் விலகி அடியில் போய்ச் சேற்றோடு படுத்துவிடும். நீந்துகிறவரைத் தேடி வந்து கடிப்பது அதன் சுபாவமில்லை. விரலைத் துண்டாக்கிவிடும் என்ற பேச்சும் பெரிதாக்கப்பட்டது. அளந்து பார்த்திருக்கிறார்கள்: அதன் கடியின் விசை ஏறத்தாழ 210 நியூட்டன். நாம் கடைவாய்ப் பல்லால் கடிக்கும் விசை அதே அளவோ அதற்கு மேலோ இருக்கும். அலகு கூர்மையானது, காயம் ஆழமாகப் படும்; ஆகவே கையை அருகில் கொண்டுபோகக் கூடாது. அவ்வளவுதான்.

டாக்கை விட்டு நகராத ஆமை ஒன்று உங்கள் ஏரியில் இருந்தால், பெரும்பாலும் யாரோ தீனி போடுகிறார்கள் என்று அர்த்தம். மீனைச் சுத்தம் செய்து குடலைத் தண்ணீரில் வீசுவது, வாத்துக்கு ரொட்டி போடுவது, பிள்ளைகள் ஹாட் டாக் துண்டுகளை எறிந்து வேடிக்கை பார்ப்பது. காலடிச் சத்தம் கேட்டால் சாப்பாடு வரும் என்று அது பழகிவிடுகிறது. இதற்குப் பொறிக்காரரைக் கூப்பிடத் தேவையில்லை. தீனியை நிறுத்தினால் அது தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகும்.

அடுத்த குற்றச்சாட்டு மீன். பாஸ், புளூகில் எல்லாவற்றையும் ஆமை தின்று தீர்க்கிறது என்பது தூண்டில்காரர்களின் நெடுநாள் புகார். இந்தப் புகாரைப் பற்றிய ஆய்வு நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மீனியல் ஆய்வாளராக இருந்த கார்ல் லாக்லர், இந்த மாநிலத்து ஆமைகளின் குடலில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து 1943இல் வெளியிட்டார். ஸ்னாப்பிங் ஆமையின் உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர்ச்செடி. மிச்சத்தில் நண்டு, நத்தை, பூச்சி, செத்தது அழுகியது எல்லாம் உண்டு, மீனும் உண்டு. மீன்குஞ்சு வளர்க்கும் குட்டைகளில் அது தொல்லைதான், இயற்கையான ஏரியில் மீன்வளத்தைக் குலைக்கும் அளவுக்கு இல்லை என்பது அவர் கண்டது. வாத்துக் குஞ்சு பிடிப்பதும் உண்மை, மறைக்க வேண்டியதில்லை. அதே குஞ்சுகளைப் பைக் மீனும் பெரிய பாஸும் மிங்க்கும் பிடிக்கின்றன. அவற்றை வெளியேற்ற யாரும் தீர்மானம் போடவில்லை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பெரிய ஆமைகள் நாலைந்தை எடுத்துவிட்டால் என்ன, மிச்சமிருப்பவை பெருகிக்கொள்ளும் என்று நினைக்கிறோம். முயலுக்கும் மானுக்கும் அது பொருந்தும். இதற்குப் பொருந்தாது.

பிங்க்னிக்குப் பக்கத்தில், லிவிங்ஸ்டன் கவுண்டியில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈ. எஸ். ஜார்ஜ் காப்பகம் இருக்கிறது. நோவை, ஆன் ஆர்பர் பக்கம் குடியிருக்கிறவர்களுக்குக் காரில் போனால் பக்கம்தான். வேலியிட்ட ஏறத்தாழ 1,300 ஏக்கர் காடும் சதுப்பும். 1953இல் தொடங்கி அங்கே ஆமைகளின் ஓட்டோரத்தில் சிறு வெட்டுக்குறி இட்டு, மறுபடி மறுபடி பிடித்து, அளந்து விட்டிருக்கிறார்கள். 1970களின் நடுவிலிருந்து அந்த வேலையை ஜஸ்டின் காங்டன் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். அவரும் உடன் ஆய்ந்தவர்களும் 1994இல் வெளியிட்ட கணக்கை, கை தூக்குவதற்கு முன் ஒவ்வொரு ஏரிச் சங்கமும் படிக்க வேண்டும். அங்கே பெண் ஆமை முதல் முட்டை இடவே 11லிருந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. முட்டையும் குஞ்சும் பெரும்பாலும் அழிந்துவிடும். ஒரு பெண் ஆமை ஆண்டுக்கு ஆண்டு உயிரோடு இருந்து, பத்துப் பதினைந்து வருடம் அல்ல, பல பத்தாண்டுகள் முட்டையிட்டுக்கொண்டே இருந்தால்தான் அதன் இடத்தில் ஒன்று வளர்ந்து நிற்கும். வளர்ந்த ஆமைகளில் வழக்கமான சாவுக்கு மேல் ஆண்டுக்கு 10 விழுக்காடு கூடுதலாகப் போனால், 20 ஆண்டுகளுக்குள் அவற்றின் எண்ணிக்கை பாதியாகிவிடும். 10 விழுக்காடு என்றால், 30 ஆமை இருக்கும் ஏரியில் வருடத்துக்கு மூன்று. பொறிக்காரர் ஒரு வார இறுதியில் அதற்கு மேல் பிடித்துவிடுவார்.

இது வெறும் கணக்குதானே என்று தோன்றினால், எல்லை தாண்டி ஒன்டாரியோவின் அல்கோன்குயின் பூங்காவில் நடந்ததைப் பாருங்கள். 1972 முதல் அங்கே இதே ஆமைகளைக் கவனித்து வருகிறார்கள். குளிர் அதிகமான அந்த ஊரில் பெண் ஆமை முட்டையிடத் தொடங்கவே 17, 18 வயது ஆகிவிடும். 1980களின் கடைசியில், அடுத்தடுத்த சில குளிர்காலங்களில், பனிக்கட்டிக்கு அடியில் மரத்துக் கிடந்த ஆமைகளை நீர்நாய்கள் பிடித்துத் தின்றன. மூன்று ஆண்டு இழப்பு. பாதுகாக்கப்பட்ட காடு, நல்ல தண்ணீர், வேட்டை இல்லை, எல்லாம் சாதகம். அப்படியும் 23 ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது கூட்டம் மீண்டதற்கான அடையாளமே இல்லை என்று 2018இல் எழுதினார்கள். ஒரு தலைமுறை மனிதர்கள் பிறந்து படித்து வேலைக்குப் போகும் காலம் அது. நம் ஏரிக்கோ நீர்நாய் தேவையில்லை. ஒரு தீர்மானமும் ஒரு காசோலையும் போதும்.

"நாங்கள் கொல்லவில்லையே, வேறு ஏரியில் உயிரோடுதானே இருக்கும்" என்பீர்கள். நம் ஏரியைப் பொறுத்தவரை, எடுத்துக்கொண்டு போனதும் செத்ததும் ஒன்றே. இங்கே இனி அது முட்டையிடாது. அங்கே என்ன ஆகிறது என்பதுதான் என்னை அதிகம் உறுத்துவது. இந்த ஆமைக்குத் தன் ஊர் தெரியும். எந்த ஓடைமுகத்தில் குளிர்காலம் முழுக்கப் படுத்துக் கிடந்தால் உறையாமல் தப்பலாம், எந்தச் சரிவில் மணல் இளகியிருக்கும் என்பதெல்லாம் பல ஆண்டுகளில் அது தேடிக் கண்டவை. குளிருக்கு ஒதுங்கும் இடத்துக்கும் முட்டையிடும் இடத்துக்கும் வருடா வருடம் திரும்பி வரும். முட்டையிடச் சில கிலோமீட்டர்கள் கூட நடக்கும். தெரியாத தண்ணீரில் கொண்டுபோய் விட்டால் அங்கே தங்காமல் வீடு தேடிக் கிளம்புவது அதன் இயல்பு. கிளம்பினால் குறுக்கே கவுண்டி ரோடு. செப்டம்பர் கடைசியில் விட்டால், குளிருக்கு ஒதுங்க இடம் தேட அதற்குப் போதிய நாள் இருக்காது. போகிற இடத்து ஆமைகளுக்கு இங்கிருந்து நோயைக் கொண்டுபோகும் அபாயம் வேறு. ரானாவைரஸ் போன்ற கிருமிகள் இப்படி நீர்நிலை தாண்டக்கூடும். ஓடை இணைந்த ஏரி என்றால், காலியான இடத்துக்கு இன்னோர் ஆமை வந்து சேரும். அடுத்த வருடம் அதே பொறிக்காரருக்கு மறுபடி பணம்.

பொறியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தீர்மானத்துக்குக் கை தூக்குகிறவர்களில் பெரும்பாலானோர் அதைப் பார்த்ததில்லை. மூன்று நான்கு இரும்பு வளையங்களில் வலை கோத்த நீண்ட கூடு. வாயில் உள்நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். உள்ளே, மூடியில் ஓட்டை குத்திய மத்தி மீன் டப்பா ஒன்று கம்பியில் தொங்கும். அந்த எண்ணெய் வாசனைக்கு ஆமை தலையால் முட்டி நுழையும், வெளியே வர வழி தெரியாது. கூட்டின் மேற்பகுதி தண்ணீருக்கு மேல் நின்றால் மூச்சு விடலாம். இரவில் மழை பெய்து நீர்மட்டம் ஏறினாலோ, கட்டிய குச்சி சாய்ந்தாலோ, கூடு முழுகும். உள்ளே இருப்பது மூச்சு முட்டிச் சாகும். ஒரு பக்கத்து ஏரியில் அப்படி முழுகிய கூட்டை இழுத்தபோது நான் கரையில் நின்றிருந்தேன். ஸ்னாப்பிங் ஆமை ஒன்று. அதன் மேலும் கீழுமாகச் சிறிய பெயிண்டட் ஆமைகள், ஒன்றின் கால் நகம் வலைக்கண்ணில் சிக்கியபடியே விறைத்திருந்தது. பெயிண்டட் ஆமை 1995 முதல் நம் மாநிலத்தின் அதிகாரபூர்வ ஊர்வன விலங்கு. மரக்கட்டையில் வரிசையாக வெயில் காய்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டி நாம் மகிழ்வது இதைத்தான். பொறிக்கு இது வேறு, அது வேறு என்று தெரியாது. அருகிக்கொண்டே வரும் பிளாண்டிங் ஆமையும் இதே வாசனைக்கு இதே கூட்டுக்குள் வரும்.

சிலர் இலவசமாகவே பிடித்துக்கொண்டு போகிறோம் என்று முன்வருவார்கள். பெட்ரோல், வலை, நேரம் எல்லாம் செலவழித்து ஒருவர் ஏன் இலவசமாக எடுத்துப் போகிறார் என்று கேளுங்கள். எந்த ஏரியில் விட்டார், அந்த ஏரிக்காரர்கள் சம்மதித்தார்களா, யார் அனுமதி கொடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். இந்த ஆமையின் இறைச்சிக்கும் குஞ்சுக்கும் வெளிநாட்டில் சந்தை இருக்கிறது. ஏற்றுமதியைக் கண்காணிக்க வேண்டியே அமெரிக்கா 2016இல் இதைச் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் சேர்த்தது. ஒன்டாரியோ 2017இல் இதன் வேட்டையையே நிறுத்திவிட்டது.

சட்டமும் நாம் நினைப்பது போல இல்லை. ஏரி தனியார் ஏரி, பத்திரத்தில் நம் பெயர் இருக்கிறது, ஆகவே உள்ளே இருப்பதும் நம்முடையது என்று கூட்டத்தில் ஒருவர் உறுதியாகப் பேசுவார். மீன், ஊர்வன, நீர்நில வாழ்வன எல்லாம் மாநிலத்தின் சொத்து, சட்டம் சொல்லும் காலத்திலும் முறையிலும்தான் அவற்றைப் பிடிக்கலாம் என்பது மிச்சிகன் சட்டம். மாநில இயற்கை வளத் துறையான டி.என்.ஆர். அலுவலகத்தைக் கேட்காமல் சங்கம் எடுக்கும் தீர்மானத்துக்கு மதிப்பில்லை. பிடித்த ஆமையைக் காரில் ஏற்றி வேறு ஏரியில் இறக்குவது அதைவிடப் பெரிய வம்பு. விசாவில் இருக்கிற குடும்பங்கள் இதைச் சற்றுக் கவனமாகவே எண்ணிப் பார்க்க வேண்டும்.

புல்வெளிக்கும் கராஜுக்கும் ஆமை வருகிறது என்ற புகாரைப் பற்றி யோசித்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. ஏரிக்கரையில் முன்பு மணலும் சரளையுமாகச் சரிவு இருந்தது. தண்ணீரிலிருந்து ஏறி நாலு அடியில் குழி பறித்து முட்டையிட்டுவிட்டுத் திரும்பிவிடும். நாம் கரை முழுக்கக் கல்லும் இரும்புத் தகடும் வைத்துத் தடுப்புச் சுவர் எழுப்பினோம். சுவர் இல்லாத இடம் தேடி, புல்வெளி தாண்டி, டிரைவ்வே ஓரத்துச் சரளை வரை அது வர வேண்டியிருக்கிறது. சென்ற ஜூனில் ஒரு பெண் ஆமை எங்கள் தெருமுனையில் முட்டையிட்டது. பின்னங்கால்கள் மட்டும் வேலை செய்தன. இடதுகால் ஒரு பிடி மண்ணை அள்ளி ஒதுக்கும், பிறகு வலதுகால். தலை அசையவே இல்லை. பிங் பாங் பந்து மாதிரி வெள்ளையாய் ஒவ்வொரு முட்டையாக விழ விழ, பின்னங்கால் பாதம் அதைத் தாங்கிக் குழிக்குள் இறக்கி வைத்தது. தொடை மடிப்பில் ஒட்டியிருந்த அட்டைகள் வெயிலில் காய்ந்து சுருங்கிக்கொண்டிருந்தன. முடித்ததும் மண்ணை மூடி, மேலே தன் வயிற்றை இழுத்து மட்டம் செய்துவிட்டு நகர்ந்தது. பொதுவாக 20லிருந்து 40 முட்டை. அதே இரவில் ரக்கூன் தோண்டிவிட்டது. காலையில் சுருண்ட தோல் துண்டுகளாக முட்டை ஓடுகள் சிதறிக் கிடந்தன. நாம் திறந்து வைக்கும் குப்பைத்தொட்டியிலும் பூனைக்கு வைக்கும் தீனியிலும் கொழுத்த ரக்கூன் அது.

இதற்கு எளிய வழி இருக்கிறது. பலகையில் சதுரச் சட்டம் அடித்து, மேலே கம்பி வலை போட்டு, பக்கங்களில் குஞ்சு வெளியேற ஓட்டை விட்டு, முட்டையிட்ட இடத்தின் மேல் வைத்து முளை அடித்துவிட்டால் ரக்கூனால் தோண்ட முடியாது. டி.என்.ஆர். அலுவலகத்தில் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ, கால் டாலர் நாணயம் அளவில் குஞ்சுகள் வெளியே வரும். ரோட்டில் பெரிய ஆமை நின்றால், அது எந்தத் திசையில் போகிறதோ அந்தப் பக்கமே கடத்தி விடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, முதுகெலும்பு காயப்படலாம். கார் மிதியடியையோ பனி அள்ளும் மண்வெட்டியையோ அடியில் தள்ளி, பின்பக்கமாக நின்று இழுத்தால் போதும். கரையில் யாராவது ஒருவர், முப்பது அடி அகலத்துக்காவது, சுவரை எடுத்துவிட்டு மணலைக் கொட்டி வைத்தால் ஜூன் மாதப் புல்வெளிப் புகார் பெரும்பாலும் அடங்கிவிடும். எந்தப் பொறியையும்விட அதற்கு ஒருமுறை ஆகும் செலவு உருப்படியானது.

ஆமையை இடம் மாற்றியே தீர வேண்டிய தருணங்களும் உண்டு. அணையைப் பழுது பார்க்கிறார்கள், தூர் வாருகிறார்கள், குட்டையையே மூடுகிறார்கள் என்றால், துறையின் அனுமதியோடு, விவரம் தெரிந்தவரை வைத்து, பருவம் பார்த்து, அதே நீரோட்டத்தில் அருகிலேயே விட வேண்டும். குளிர்காலத்துக்கு ஏரி நீரை இறக்கும் சங்கங்கள், ஆமைகள் சேற்றில் படுப்பதற்கு முன்பே, செப்டம்பரிலேயே, மெதுவாக இறக்கி முடித்துவிட வேண்டும். அக்டோபர் கடைசியில் இறக்கினால் ஓரத்தில் படுத்தவை அப்படியே உறைந்து சாகக்கூடும். இந்த இறக்கும் தேதியைச் சங்கத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

உங்கள் சங்கத்தின் கூட்டத்தில் இந்தத் தீர்மானம் வந்தால் மூன்று கேள்விகளாவது எழுந்து கேளுங்கள்: டி.என்.ஆர். எழுத்தில் அனுமதித்ததா, எங்கே விடப்போகிறார்கள், பொறியை ஒவ்வொரு நாளும் யார் போய்ப் பார்ப்பார்கள். ஊரில் இல்லாதவர்கள் ப்ராக்ஸி படிவத்தில் "வேண்டாம்" என்று குறித்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம். எங்கள் ஏரிக்காரர்களுக்கு: பலகையும் கம்பி வலையும் வாங்கி கராஜில் போட்டிருக்கிறேன். மே மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள், ஆளுக்கு ஒரு சட்டம் அடித்து எடுத்துப் போகலாம். சுத்தியல் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
ஏரிக்கரை வீட்டுக்காரர் ஒருவர்